என் பெயரில் எழுதிய ஒரு ரூபாய்

இந்தியாவின் தலைநகரம் டில்லிக்கு மாறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன், கல்கத்தாவில் பவானிப்பூர்ச் சந்து ஒன்றில் நான் குடியிருந்தபோது இது நடந்தது. அப்போது ஓர் ஆங்கிலத் தினசரியில் புரூப் திருத்தும் வேலை பார்த்தேன். சம்பளம் நாற்பது ரூபாய். மார்க்கெட் விலைப் பத்தி என் பொறுப்பு. அரிசி மணங்கு என்ன விலை, கடுகெண்ணெய் என்ன விலை, சர்க்கரை ஏறிற்றா இறங்கிற்றா என்று தினமும் நூறு எண்களையாவது சரிபார்ப்பேன். இரண்டு வருஷத்தில் ஒரு பிழை கூட என் கண்ணைத் தாண்டிப் போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் மனைவியும் இரண்டு குழந்தைகளும் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் என் தாய்மாமன் மகள். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் அவளுக்கு அத்தான்தான். அவள் வந்த அன்றே தெருமுனை மளிகைக்கடையில் எங்களுக்கு ஒரு பற்று வைத்தேன். கடைக்காரர் என்னைவிட ஆறேழு வயது இளையவர். தகப்பனார் போன பிறகு கடையை ஏற்றுக்கொண்டவர். என்னை ‘தாதா’ என்பார், வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். அண்ணன் மனைவியைச் சொல்வதுபோல என் மனைவியை ‘பௌதி’ என்பார். நாங்கள் வாங்கியதெல்லாம் சிவப்புத் துணி போட்ட ஒரு நீளப் புத்தகத்தில் ஏறும். சம்பளம் வாங்கியதும் ஐந்தோ ஆறோ கொடுப்பேன். மீதி எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பங்குனி முடியும் சமயத்தில் அவர் இரண்டு கையாலும் ஒரு அழைப்பிதழ் கொடுத்தார். சிவப்பு மையில் பிள்ளையார் படம். வங்காள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க எனக்கு வரும். புதுவருஷத்தன்று குடும்பத்துடனும் நண்பர்களுடனும் கடைக்கு எழுந்தருளி இனிப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் சித்திரை விஷுவும் அவர்கள் வருஷப் பிறப்பும் ஒரு நாள் முன்பின்னாகத்தான் வரும். நம் ஊரிலும் வியாபாரிகள் புதுக்கணக்கு எழுதுவது உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வியாபாரம் பார்த்தவர்கள் இல்லை. அதனால் இதை வருஷப் பிறப்பு உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். புரூப் பார்ப்பவனுக்கு அச்சில் இருப்பது இருப்பதுதான். குடும்பத்துடன் என்று போட்டிருந்ததால் மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டேன். நண்பர்களுடன் என்று போட்டிருந்ததால், அடுத்த சந்தில் மெஸ்ஸில் இருந்த நம்மவர்களான நான்கு பிரம்மசாரிகளையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆக எட்டுப் பேர் போய் இறங்கினோம். கடை வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே வெள்ளை விரிப்பு. வந்திருந்தவர்களில் பெண் என்று ஒருவர் கூட இல்லை. கடைக்காரர் எங்களைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடி கைகூப்பி, “ஆஷுன், ஆஷுன்” என்று வரவேற்றார். பெண்பிள்ளை உட்கார வேறு இடம் இல்லாததால், தாம் புதுக்கணக்கு எழுதும் மணையின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டு என் மனைவியை அதில் உட்காரச் சொன்னார். மற்றவர்கள் விரிப்பில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு இலையில் சந்தேஷ் என்ற பால் இனிப்பு, லட்டு, நிம்கி என்ற உப்புப் பலகாரம், குடிக்க இளநீர். மெஸ் நண்பர்களில் தந்தி ஆபீஸில் இருந்தவர் சந்தேஷ் இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார். அரை மணி நேரத்தில் கைகழுவி, கும்பிட்டு, வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் வங்காளிகளின் விருந்தோம்பலைப் பாராட்டிக்கொண்டே வந்தேன்.

என் மனைவி அந்தப் பாராட்டில் சேரவில்லை. வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள்.

“அத்தான், அங்க என்ன நடந்துதுன்னு பாத்தியளா?”

“சந்தேஷ் குடுத்தாக, தின்னோம்.”

“எல்லாருந்தான் தின்னாக. ஆனா திங்கதுக்கு முன்னால பிள்ளையாருகிட்ட இருந்த தட்டுல ரூவா வச்சாக. ஒருத்தர் அஞ்சு, ஒருத்தர் பத்து. அவரு புதுப் புஸ்தகத்துல பேரை எழுதி எதுக்க ரூவாயையும் எழுதுதாரு. அது விருந்து இல்ல அத்தான், பழைய பாக்கியக் கட்டுத நாளு. நாம எட்டுப் பேரும் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டு வந்திருக்கோம்.”

“நம்ம பேருக்கு என்ன எழுதினாரு?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நேரம் பேனாவக் கையில வச்சுக்கிட்டு சும்மா இருந்தாரு. என்னைப் பாக்கவே இல்ல. பொறவு தன் இடுப்பு முடிச்சை அவுத்து ஒரு ரூவா எடுத்துத் தட்டுல வச்சுட்டு எழுதினாரு.” சற்று நிறுத்தி, “அல்பாக்கா கோட்டுப் போட்ட ஒருத்தர் மூலையில உக்காந்து தட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு ஒரு இனிப்பும் தொடல,” என்றாள்.

நூறு எண்களில் ஒரு பிழை கண்டுபிடிக்கிற நான் இதில் எதையுமே பார்த்திருக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் கடையில் ஏறினேன். தெரிந்த அரைகுறை வங்காளத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் புதுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே ஒரு ரூபாய் வரவு.

“வச்சீங்களே தாதா, இதோ இருக்கு பாருங்க” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கடையில் தராசு பிடிக்கும் கிழவர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. “வச்சார்! எட்டு வாய், எட்டு இலை, அந்தத் தந்தி பாபுவுக்கு ரெண்டாம் தரம் வேற! மொத்த வியாபாரியோட ஆள் மூலையில உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தான். அவனுக்குக் கட்ட வேண்டியதுல முப்பத்தஞ்சு ரூபாய் குறையுது. சனிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா மூட்டை வராது. மூட்டை வரலேன்னா நான் எதை நிறுக்கிறது, என் தலையையா?”

“சும்மா இரு, காகா” என்று, சித்தப்பா முறை சொல்லி, கடைக்காரர் அடக்கினார். நான் பழைய பாக்கியைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற வாடிக்கைக்காரருக்குக் கேட்காதபடி, “ஐம்பத்தேழு. நேற்று வந்தது போக ஐம்பத்தாறு” என்றார். அந்தப் பேட்டையில் அவருக்கு வரவேண்டிய பாக்கிகளில் என்னுடையதுதான் பெரியது என்பதையும் கிழவர்தான் சொன்னார். நான் ஒருவன் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அவருக்கு முப்பத்தைந்து ரூபாய் குறைந்தே இருக்காது.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையனுடைய சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மளிகைக்கு ஐம்பத்தாறு என்றேன். “அந்த ஒரு ரூவா அவரு காசு. அதைக் கழிக்காதிய” என்று ஐம்பத்தேழு எழுதினாள். துர்கா பூஜைக்கு அக்கம்பக்கத்தார் எடுத்ததைப் பார்த்துத் தீபாவளிக்கு நாங்களும் கடனில் எடுத்த துணிக்குப் பத்தொன்பது. வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றது, பதினாறு. ஆபீஸ் நண்பரிடம் கைமாற்று பதினொன்று. மொத்தம் நூற்று மூன்று.

அவள் சிலேட்டை என் பக்கம் திருப்பி, “உங்களுக்குத்தான் கணக்கு வருமே, சம்பளத்துல இது எத்தன நாளு?” என்று கேட்டாள். கணக்குப் போட்டேன். எழுபத்தேழு நாள்.

“அப்ப எழுவத்தேழு நாளு நாலு பேரும் காத்தக் குடிச்சிக்கிட்டுக் கெடந்தா கடன் அடைஞ்சிரும்” என்றாள்.

சிரிக்க முடியவில்லை. கடனும் சம்பளமும் எனக்கு அதுவரை இரண்டு தனித்தனி விஷயங்கள். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

ஆனால் அவள் நூற்று மூன்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. முப்பத்தைந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். “இது சனிக்கிழமைக்குள்ள வேணும். மத்ததப் பொறவு பாப்போம்.” கையில் மாதக் கடைசி வரைக்கும் ஒன்பது ரூபாய்தான் இருந்தது. அதில் ஏழு ரூபாயைத் தனியாக வைத்தாள். மீதி இருபத்தெட்டுக்கு அவள் சொன்ன யோசனை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மெஸ்ஸில் இருக்கும் அந்த நான்கு பேருக்கும் நம் வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு, ஆளுக்கு மாதம் ஏழு ரூபாய், முன்பணம்.

“பத்திரிகை ஆபீஸ்காரன் வீட்டுல சோத்துக்கடையா? நாலு பேர் என்ன சொல்லுவாக?” என்றேன்.

“ஓசியில தின்னா கௌரவம், ஆக்கிப் போட்டா கேவலமா?”

இன்னொரு சந்தேகமும் கேட்டேன். வாங்கிய முன்பணம் முழுவதையும் கடையில் கொடுத்துவிட்டால் அவர்களுக்குப் போட அரிசிக்கு மறுபடி அதே கடையில்தானே கடன் சொல்ல வேண்டும், அப்புறம் எங்கே கடன் குறையும்? இதற்குள் இதையும் அவள் யோசித்திருந்தாள். “அவருக்கு இப்ப ரொக்கம் வேணும், நமக்கு அரிசி கொஞ்சங்கொஞ்சமா வேணும். மூட்டை வந்துட்டா அவரு தருவாரு. ஒரு ஆளுக்கு அஞ்சு ரூவா செலவாகும். ரெண்டு நிக்கும். நாலு பேருக்கு எட்டு. அந்த எட்டும் மாசாமாசம் கடனுக்கு.” நான் தினமும் சரிபார்த்த வியாபாரப் பத்திகளில் இவ்வளவு தெளிவான நாலு வரியைப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் நான்கு பேரையும் வரவழைத்து, எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். தந்தி ஆபீஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“மதினி, ஒரு சந்தேஷுக்கு ஏழு ரூவாயா? தங்கத்துலயா செஞ்சான்?”

“நீங்க ரெண்டு தின்னிய. உங்களுக்குப் பதினாலு கேட்டிருக்கணும். இது மாசம் பூரா சோத்துக்குத் தம்பி. அந்த மெஸ் சாம்பார்ல பருப்பத் தேடுத வேலை இனிமே உங்களுக்கு இல்ல.”

“ராத்திரி ரசம் உண்டா?”

“உண்டு.”

“அப்ப நான் குடுத்துட்டேன்னு வச்சுக்கிடுங்க” என்றார். இரண்டு பேர் அன்றே கொடுத்தார்கள். தந்தி ஆபீஸ்காரர் வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார். நான்காமவர் சனிக்கிழமை காலையில் நான்கு ரூபாயுடன் வந்து நின்றார். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டேன், இவ்வளவுதான் இருக்கிறது என்றார். மூன்று ரூபாய் குறைந்தது. வீட்டில் இருந்ததே இரண்டுதான். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது தந்தி ஆபீஸ்காரர், மழைக்கு முன் குடை வாங்க வைத்திருந்த மூன்று ரூபாயை எடுத்து வைத்தார். “நனைஞ்சா காயும்” என்றார்.

கடைக்கு நானும் மனைவியுமாகப் போனோம். அல்பாக்கா கோட்டுக்காரர் ஏற்கெனவே வந்து, கடிகாரச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு, இருப்பதையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு நாளில் முகம் வாடியிருந்தது. ஆனால் எங்களைக் கண்டதும் முதலில் மரப்பெட்டியைத்தான் துடைத்தார். என் மனைவி உட்காரவில்லை. முடிச்சை அவிழ்த்து முப்பத்தைந்து ரூபாயையும் மேஜைமேல் அடுக்கினாள். அவர் அதை எண்ணவில்லை. அப்படியே தம் பணத்தோடு சேர்த்து அந்த ஆளிடம் தள்ளினார். அந்த ஆள் இரண்டு தடவை எண்ணி, ரசீது எழுதி, திங்கட்கிழமை மூட்டை வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். தராசுக் கிழவர் எங்களுக்காக உள்ளே போய் இளநீர் சீவினார்.

நான் கடைக்காரரிடம் கேட்டேன், “இவ்வளவு நெருக்கடியில் என்னிடம் கேட்டிருக்கலாமே. அது போதாதென்று உங்கள் கையிலிருந்த ரூபாயை எதற்கு என் பெயரில் வைத்தீர்கள்?”

“கேட்டிருந்தா உங்க நண்பருக்கு அந்த ரெண்டாவது சந்தேஷ் இறங்கியிருக்குமா, தாதா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பௌதி புத்தகத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க. அவங்க கண் எதிரே அந்த இடத்தைக் காலியா விட எனக்குக் கை வரல” என்றார். அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். புதுக்கணக்கின் முதல் பக்கத்தில் அடித்து எழுதக்கூடாது என்று சொல்லிக் கடைசிவரை வாங்கவில்லை.

திங்கட்கிழமை மாட்டு வண்டியில் மூட்டைகள் வந்து இறங்கின. எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் எட்டு இலை விழுந்தது. விடியற்காலையில் எழுந்து அத்தனை பேருக்கும் சமைத்தவள் அவள். நான் செய்ததெல்லாம் காய் நறுக்கியதும் தண்ணீர் எடுத்ததும்தான். பதினான்காவது மாதம் சிலேட்டில் இருந்த கடைசி எண்ணையும் அவளே துடைத்தாள். கடைக்காரர் அந்தப் புதுவருஷத்து விஷயத்தை ஒருநாளும், வேடிக்கைக்குக்கூட, எங்களிடம் எடுத்ததில்லை.

இப்போது சம்பளக்காரக் குடும்பங்களின் கடனையும் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் கடன்பட்டவன் வீட்டுக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நான் கட்டாமல் வைத்திருந்த ஐம்பத்தேழு ரூபாய் இன்னொரு வீட்டுக்கு வராமல் போன ஐம்பத்தேழு ரூபாய் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அது வராமல் தாம் தவித்துக்கொண்டிருந்த வேளையிலும் என் மனைவி தலைகுனியாதபடி பார்த்துக்கொண்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், நான் தரவேண்டியது யாருக்காவது நிற்கிறதா என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.