சுவர் சொன்ன இருபது டிகிரி

இந்த ஊரில் ஒருவருக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதைச் சுவர்தான் சொல்கிறது. லீட்ஸுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. பக்கத்து வீட்டு அம்மையாரிடம் "குளிராக இருக்கிறதே" என்றால், அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்ப்பார். "இல்லையே, இருபது காட்டுகிறதே" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே குளிரென்றால் ஒரு ஸ்வெட்டர், அது போதாவிட்டால் அடுப்படி, அவ்வளவுதான். எத்தனை டிகிரி என்று யாரும் கேட்டதில்லை. இப்போது நானும் எழுந்துபோய்ப் பெட்டியைப் பார்க்கிறவளாக மாறிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் என் அக்காவிடம் என்னை அப்படிப் பேச வைத்தது.

தோட்டத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே சமையலறையில் பாய்லர் என்று ஒன்று இருக்கும். அது தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைக்கு அனுப்பும். பாய்லரை ஓடவைப்பதும் நிறுத்துவதும் அந்த வெள்ளைப் பெட்டி, தெர்மோஸ்டாட். இருபது என்று வைத்தால், தான் இருக்கும் இடம் இருபதைத் தொட்டதும் பாய்லரை நிறுத்திவிடும். ரேடியேட்டரின் ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட வால்வு உண்டு. அந்த அறை எவ்வளவு சூட்டோடு நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த எண். பலர் நினைப்பதுபோல ஐந்தில் வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடாது. பாய்லரே நின்றுவிட்டால் ஐந்தும் ஒன்றுதான், ஒன்றும் ஒன்றுதான். கையேட்டை வரிக்கு வரி படித்து, எந்த அறை எந்த எண், காலையில் எப்போது, மாலையில் எப்போது என்று எல்லாவற்றையும் நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மகள் பிறந்தபோது லெட்சுமி அக்கா மூன்று மாத லீவில் வந்தாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். தோட்டத்து ஃபேக்டரியில், தேயிலைத் தூளைச் சூடான காற்றில் காயவைக்கும் ட்ரையரில் வேலை. ஒருமுறை மீட்டர் சரியான சூட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோதே, வெளியே வந்த தூளை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து, "இது காயல, மீட்டரு பொய் சொல்லுது" என்றாளாம். கணக்கெழுதும் கிராணி சிரித்திருக்கிறார். பிறகு திறந்து பார்த்தால் முள் சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இதை அவள் சொல்லி நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டவளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு மாடியில் பின்பக்க அறையைக் கொடுத்தோம். எனக்கும் குழந்தைக்கும் முன்னறை. அங்கே தனியாக ஒரு சின்ன மின்சார ஹீட்டர் இருந்தது. முதல் முப்பது நாள் தீட்டு என்பதால் வீட்டில் விளக்கேற்றவில்லை. முப்பது கழித்ததும் அக்கா வீட்டைக் கழுவித் துடைத்து, காலையிலும் மாலையிலும் ஆறு மணிக்கு விளக்கேற்ற ஆரம்பித்தாள். அதுவரை நான் வெள்ளிக்கிழமை மட்டும் ஏற்றுகிறவள். சாமி அலமாரி நடைக்கூடத்தில் இருந்தது. அந்தப் புது வீட்டில் கிழக்குப் பார்த்து வைக்க வேறு இடமில்லை என்று கணவர் அங்கே ஆணி அடித்திருந்தார்.

சில நாளில் அக்கா தன் அறை வால்வை ஐந்துக்குத் திருப்பியிருப்பதைப் பார்த்தேன். பேசாமல் மூன்றுக்குத் திருப்பிவிட்டு வந்தேன். மறுநாளும் ஐந்து. மூன்றாம் நாள், குழந்தையைப் பார்க்க என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

"பாப்பா, அந்த மீட்டரு சரியில்லலா. பொய் சொல்லுது. அந்த ரூமு சில்லுன்னு கெடக்கு."

"அக்கா, இது ஒங்க தோட்டத்து ட்ரையர் இல்ல. இருபதுன்னா இருபதுதான். கைய வச்சுப் பாக்குற வேலையெல்லாம் இங்க கெடையாது."

வந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வால்வைத் தொடவில்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர், என் கணவரின் காலுறை, தலையில் துண்டு என்று நடமாடினாள். எனக்கு எண்ணெய் தேய்த்தாள், பத்தியச் சோறு ஆக்கினாள், "பச்ச ஒடம்பு, குளிரு ஏறக் கூடாது" என்று என் காலைப் போர்த்திவிட்டாள். அவள் அறைக்குள் போய் ஒரு தடவை நான் நின்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு வந்தவள் இரண்டாம் மாதம் முடியும் முன்னே, ஃபேக்டரியில் ஆள் பற்றவில்லையாம் என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஆண்டு பாய்லரைச் சரிபார்க்க பெரிய உருவமாக ஒருவர் வந்தார். அன்று வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "மின்சாரம் இல்லையா?" என்று கேட்டார். "இருக்கிறதே, இது கடவுளுக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மின்சாரம் கடவுளுக்கா என்பதுபோலப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, விளக்குக்கு ஒரு சாண் மேலே இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "உங்கள் கடவுள் கதகதப்பாக இருக்கிறார். வீட்டில் மற்றவர்களுக்குத்தான் குளிரும்" என்றார். விளக்குச் சூட்டைத்தான் பெட்டி இருபது என்று எண்ணியிருக்கிறது. உடனே பாய்லரை நிறுத்தியிருக்கிறது. பாய்லர் ஓட நான் வைத்திருந்த நேரமும் அக்கா விளக்கேற்றும் நேரமும் ஒன்றுதான். நான் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னேன். வெளியே காய்கறி லோரி ஒன்று உறுமிக்கொண்டு மேடேறியது. அக்கா சாப்பிட்ட மங்கு கழுவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் பாப்பா" என்றாள். "தீட்டு நாள்ல அந்த ரூமு நல்லா சுட்டுச்சு. வெளக்கு ஏத்துனதுலேர்ந்து சில்லுன்னு ஆயிருச்சு. ஒருநாள் எண்ண தீந்து போயி ஏத்தல, அன்னிக்கு மறுபடி சூடு வந்துச்சு. அப்பவே புரிஞ்சிருச்சு."

"ஏன்க்கா சொல்லல?"

"பச்சப்புள்ள இருக்குற வீட்டுல வெளக்க நிறுத்தச் சொல்ல மனசு வரல." மங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அதோட, நீதான் சொன்னியே, அது எங்க தோட்டத்து ட்ரையர் இல்லன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். 'ஒங்க தோட்டம்' என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. அந்த ட்ரையர் சம்பளத்தில்தான் நான் நர்ஸுக்குப் படித்தேன். மன்னித்துவிடு என்றேன். "சீ, போலா" என்று என் தலையைத் தட்டினாள். மறுபடி லீட்ஸுக்கு வா என்று கேட்டேன். வேலை இருக்கு, பார்க்கலாம் என்றாள். இன்றுவரை பார்க்கலாம்தான்.

சாமி அலமாரியை இப்போது வேறு சுவருக்கு மாற்றிவிட்டோம். தினமும் விளக்கேற்றுகிறேன். ஆள் இல்லாத அறையின் வால்வை ஒன்றுக்கும் கீழே உள்ள பனிப்பூக் குறியில் வைக்கச் சொல்கிறது கையேடு. குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்க அது போதுமாம். பின்னறை வால்வை நான் மூன்றில் வைத்திருக்கிறேன். வீண்தானே என்கிறார் கணவர். வீண்தான். மாலையில் விளக்கேற்றியதும் மாடிக்குப் போகிறேன். பெட்டி இருபது காட்டுகிறதா என்று பார்ப்பதில்லை. யாரும் படுக்காத அந்தக் கட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.