சின்னப் படகுக்கு இருபத்திரண்டு குதிரை

பெட்ரோலும் ஆயிலும் கலந்த வாசனை... ஒரு வாரமா எங்க சாந்தோம் வீட்டு ஹால் முழுக்க அதுதான். யுத்தம் முடிஞ்ச புதுசு. மிலிட்டரி ஏலத்துல அப்பா ஒரு போட் இன்ஜின் எடுத்து வந்து, சாக்கு விரிச்சுப் படுக்கப் போட்டிருந்தார். பொறந்த குழந்தையைப் பார்க்க வர்ற மாதிரி தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு.

அப்பா ஸ்கூல் வாத்தியார். நீச்சல் அரைகுறை. ஆனா ஒரு சின்ன மரப்படகு வச்சிருந்தார், லீவு நாள்ல அடையாறு ஆத்துல துடுப்புப் போடுவார். அதுக்கு அஞ்சு ஹார்ஸ்பவர் இன்ஜினே தாராளம். ஏலத்துல அஞ்சும் இருந்துச்சாம். அப்பா எடுத்தது இருபத்திரண்டு!

எங்களுக்கு ஈஸ்டருக்குச் சட்டை தெச்சாலும் ரெண்டு சைஸ் பெருசாத்தான் தெக்கச் சொல்வார். "வளர்ற பிள்ளைங்க, ரொம்ப நாள் வரும்"பார். இன்ஜினுக்கும் அதே நியாயம். படகு வளராதுன்னு அவருக்கு யார் சொல்றது?

ஈஸ்டர் பூசை முடிஞ்ச கையோட கிளம்பினோம். அப்பா, அம்மாவோட தம்பி சவரி மாமா, ஒன்பது வயசுப் பொண்ணு நான், அஞ்சு வயசு தம்பி அமல். அவனுக்குப் புதுச்சட்டை முழங்கால் வரைக்கும் தொங்குச்சு.

"சின்னவனையாவது விட்டுட்டுப் போங்களேன்"னு அம்மா வாசல்ல நின்னு சொன்னாங்க. அவன் அழுத அழுகையில யாருக்கும் மனசு வரலை.

இன்ஜினை மாட்டி நாங்க ஏறினதுமே படகு பின்பக்கம் அமுங்கிடுச்சு. விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை.

"இன்னா மாமா, படகு பின்னால குந்திக்கினு கீது?"ன்னு சவரி மாமா அப்பாவைக் கேட்டார்.

"ஓட ஆரம்பிச்சா சரியாயிடும் சவரி. நீ முன்னாடி போய் உட்காரு."

அப்பா இன்ஜின் கயித்தைச் சுத்தி இழுத்தார். பிடிச்சுக்கிச்சு.

அடேங்கப்பா, அந்தச் சத்தம்! படகோட மூக்கு வானத்தைப் பார்த்துச்சு. எனக்கு முன்னால மாமா முதுகும் ஆகாசமும்தான் தெரிஞ்சுது. பலகையெல்லாம் நடுங்குது... கழிமுகம் பக்கமா பிச்சுக்கிட்டுப் போறோம்... அப்பா திருப்பப் பார்க்கிறார், முடியலை.

"கம்மி பண்ணு மாமா! கம்மி பண்ணு!"ன்னு சவரி மாமா கத்தினார்.

அப்பா பதறிப்போய் ஒரேயடியா நிறுத்திட்டார். அங்கதான் வினை. மூக்கு தொப்புன்னு விழுந்துச்சு. நாங்க கிளப்பின அலையே பின்னாலேயிருந்து வந்து, அந்தத் தாழ்ந்த விளிம்பு வழியா உள்ளே ஏறிடுச்சு. இன்ஜின் கனம் வேற கீழே இழுக்க, படகு பின்பக்கமா முழுகிடுச்சு. நான் பலகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

பக்கத்துல தம்பி இல்லை.

தண்ணிக்குள்ள கையை விட்டுத் துழாவினேன். துணி சிக்குச்சு. அவன் சட்டை ஓரம்! இழுத்தேன். சட்டை கழுத்து வரைக்கும் ஏறி, நீளக் கை அவன் முழங்கையில சுருண்டு நின்னுச்சு. விட்டா போயிடுவான்னு மட்டும் தெரிஞ்சுது. சவரி மாமா நீந்தி வந்து அவனைத் தூக்குற வரைக்கும் நான் விடலை. இதை எழுதும்போதும் பயமாத்தான் இருக்கு.

எல்லாரும் எப்படியோ கரையேறினதும், அப்பா அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தார். இன்ஜின் சேத்துல போனது போனதுதான், அவர் தேடவே இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு டெய்லரை வீட்டுக்கே வரவழைச்சு, எங்களுக்குக் கச்சிதமா அளவெடுக்கச் சொன்னார்.

போன வாரம் என் பேரன் புதுசா வாங்கின படகைக் காட்டினான். பின்பக்கம் ஒரு சின்னத் தகடு... இத்தனை பேர், இத்தனை கிலோ, இத்தனை ஹெச்.பி.க்கு மேல இன்ஜின் கூடாதுன்னு. இன்ஜின் கனத்தையும் அது தள்ளுற விசையையும் படகு தாங்கணுமே, அதனால செய்யும்போதே கணக்குப் போட்டுடறாங்களாம். அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தேன். அப்பா ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு.

தம்பி இப்போ கே.கே. நகர்ல இருக்கான். எண்பதைத் தாண்டிட்டான். இன்னிக்கும் சட்டை ரெண்டு சைஸ் பெருசாத்தான் வாங்குவான், மருமக திட்டித் தீர்க்கிறா. போன் பண்ணித் தகடு விஷயத்தைச் சொல்லி, "இனிமேலாவது அளவா வாங்குடா"ன்னேன்.

"இன்னாக்கா... நீ புடிக்க இடம் வேணாமா?"ன்னான்.