முதலில் சொன்ன எண்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது ஒரு விளையாட்டு உண்டு. சாக்கைத் தராசில் மாட்டும் முன் அதன் எடையைக் கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஒரு வடை. சாக்கை மாட்டுவது என் வேலை. இருபது வருடமாக மாட்டியும் நான் வடை தின்றதில்லை.

நான் கூச்சக்காரன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பேன். ஒருத்தி, "முப்பது தேறும்" என்றால், பதினெட்டு கிலோச் சாக்கும் என் கண்ணுக்கு உப்பித் தெரியும். இருபத்தேழு என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவள் பந்தலூரிலிருந்து தன் சித்தியோடு கட்டபெட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். தம்பிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, தனக்குச் செய்துகொள்ள மறந்தவள். எனக்கு நாற்பத்து நான்கு வயது, எனக்கும் ஆகவில்லை. அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் அவள் ஊருக்கே திரும்புகிறாள் என்று பேச்சு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் எதிர்மேட்டுத் தேயிலைக்குள் காட்டு மாடுகள் மேய்ந்தன. அவள் என் பக்கம் திரும்பி, "முப்பது இருக்குமா?" என்றாள்.

நன்றாகப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டு இருக்குமுங்க" என்றேன்.

"இப்ப ஒண்ணொண்ணா எண்ணுங்க."

விரல் நீட்டி எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். அதே பதினொன்றுதான்.

"நான் வேணும்னுதான் முப்பதுன்னேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க கண்ணால எண்ணல, காதால எண்ணுறீங்க. நாளைக்கு வேற யாரும் வாயத் தொறக்க முன்ன நீங்க சொல்லிப் பாருங்க."

அவளுக்கு அது சுலபமாகத் தெரிந்தது. எனக்கு முதலில் பேசுவதைவிட அந்த மாடுகளுக்கு நடுவே நடப்பது எளிது.

மறுநாள் அவள் சாக்குதான் முதலில் வந்தது. அதை நன்றாகப் பார்த்துவிட்டு, யாரும் பேசுவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு, "பதினெட்டு!" என்று கத்திவிட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அட, இவருக்கு வாய் வந்திருச்சே!" என்றாள் ஒருத்தி. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. "பத்தொம்பது", "பதினேழு", "பதினெட்டரை" என்று எல்லோரும் என் எண்ணையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். தராசு பதினெட்டைக் காட்டியது.

அந்த வடையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். பாதியைப் பிட்டு நீட்டினேன்.

"ஊருக்குப் போகாதீங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "இதையும் யாராச்சும் முன்னால சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. நானேதான் மொதல்ல."

குழாயை மூடினாள். வடையை வாங்கிக் கடித்தாள். "அப்ப சரி" என்றாள். "கல்யாணத்துக்கு எங்காளுக மட்டுமே..."

அவள் முடித்திருந்தால் முந்நூறு என்றிருப்பாள். கூட்டம் என்றாலே எனக்கு வியர்க்கும். புதிதாகக் கற்ற வித்தையை உடனே எடுத்தேன். "நாப்பது பேர் போதுமுங்க!"

"நாப்பதா?" விரல் விட்டு எண்ணினாள். "சரி, அறுபதுன்னு வைங்க."

கல்யாணம் பக்கத்து முருகன் கோவிலில் நடந்தது. தாலி கட்டி நிமிர்ந்தபோது அவள் மெல்ல, "அறுபது பேர் வந்திருப்பாங்கல்ல?" என்றாள். கோவில் முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டினேன். "மிஞ்சிப் போனா எழுபது" என்றேன். அவளும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பந்தலூரிலிருந்து மட்டும் மூன்று வேன் வந்திருந்தது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. சமைத்தது அறுபது பேருக்கு; பந்தி பரிமாறியவர் கணக்குப்படி நூற்றைம்பது இலை. எப்படியோ எல்லோருக்கும் சமாளித்துவிட்டார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த எங்கள் இருவருக்கு மட்டும் அவசரமாகக் கிண்டிய உப்புமா.

அவள் சித்தி எங்கள் இலைகளைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "நாப்பது பேருன்னு மொதல்ல சொன்ன மகராசன் யாருய்யா?"

கோவிலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் அவள் வாய் பொத்திச் சிரிப்பது கேட்டது.

"நான்தானுங்க" என்றேன், தராசடியில் கத்தினேனே, அதே குரலில்.