எதிர்க்கடைத் தம்பி தராத பில்டர்

பங்காளிக் காய்ச்சல் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. வைத்தியம் பார்க்கவில்லை, பார்க்க மனசும் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் என் சித்தப்பா மகன். மதுரையில் ஒரு பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆறேழு வருஷம் வேலை பார்த்தவன், ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து, தென்காசி ரோட்டில் என் கடைக்கு நேர் எதிரே அதே வியாபாரத்தைத் தொடங்கினான். இவ்வளவு பெரிய ஊரில் வேறு இடமா இல்லை?

என் கடை அப்பா வைத்தது. அவர் போன பிறகு நான் உட்கார்ந்தேன். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட்; நூலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லுவார், நட்டு போல்ட்டு பேச்செடுத்தால் நழுவிவிடுவார். கார் சாமான் கடையில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை ஒவ்வொருத்தராக, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே வரவைத்தேன். எந்த வண்டிக்கு எந்த பேன் பெல்ட் என்று புத்தகம் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பேன். அப்படிப் பத்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பெயரை, இவன் நாலு டியூப் லைட்டும் ஒரு கண்ணாடி அலமாரியும் போட்டு, ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டு போனான். வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சோறு இறங்காது.

அவன் என்னிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூடத் தேவலை. பேசமாட்டானே! காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "சாப்ட்டியாக்கா?" என்பான். தன்னிடம் இல்லாத சாமானை யாராவது கேட்டால், எங்கக்கா கடையில் இருக்கும், போய்ப் பாருங்கள் என்று கைகாட்டி அனுப்புவான். அவன் அனுப்பிவைத்த ஆளுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க எனக்குக் கை கூசும். பெட்டி நிறைய வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. அவனிடம் இருப்பதைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் அவன் கடையைக் காட்டியதே கிடையாது.

ஆயில் பில்டர் விஷயத்தில் எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. பழசைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால்தான் புதுசு. பார்வைக்கு எல்லாமே ஒன்றுபோல இருக்கும், கைக்கு அடக்கமான தகர டப்பா. ஆனால் நடுத்துளையின் திருகு மரை பொருந்த வேண்டும், வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் அகலம் பொருந்த வேண்டும், உயரமும் பார்க்க வேண்டும். மரை சேர்ந்து வளையம் மட்டும் சிறுத்துப்போனால், மாட்டும்போது நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். என்ஜின் சூடேறி ஆயில் வேகமெடுக்கும்போது ரப்பரைப் பிதுக்கிக்கொண்டு மொத்தமும் ரோட்டில் ஊற்றிவிடும். அதிலும் அப்போது டாக்சிக்காரர்கள் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றிக்கொண்டிருந்த காலம். வெளியே அதே வெள்ளைக் கார், உள்ளே வேறு என்ஜின். காரின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு பில்டர் கொடுக்கிறவன் மடையன் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்சி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் அண்ணாச்சி இருந்தார். ஐம்பது வயதிருக்கும், சொந்தமாக ஒரு பெட்ரோல் வண்டி, அப்பா காலத்திலிருந்தே என் கடை ஆள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைக்கோயிலுக்கு, நாங்கள் திருவண்ணாமலை என்று சொல்கிற பெருமாள் கோயிலுக்கு, சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் போகும். அந்த நாலைந்து சனிக்கிழமை ஓட்டத்தை வைத்துத்தான் அவர் வீட்டில் மிச்ச வருஷம் நகரும். அந்தத் தடவை ஆடியும் ஆவணியும் அவர் வண்டி ஓடாமல் கிடந்தது என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று கேட்டுவைக்கவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினார். இறங்கியவர் நேராக எதிர்க்கடைக்குப் போனார். என் அண்ணாச்சி, என் அப்பா காலத்து ஆள், என் வாசலைத் தாண்டிக்கொண்டு அங்கே போய் நிற்கிறார்! நான் துடைத்துக்கொண்டிருந்த ஹாரனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தம்பி எதையோ சொல்லித் தலையை ஆட்டினான். அண்ணாச்சி கையை விரித்தார். அவன் மறுபடியும் தலையை ஆட்டினான். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

புதுக்கடையை ஒரு எட்டுப் பார்ப்போம் என்று போனாராம். ஆயில் பில்டர் கேட்டதற்குப் பழசைக் கொண்டா என்கிறானாம். பழைய ஆயிலை வடித்துவிட்டு வந்தாயிற்று, பில்டர் வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் கிடக்கிறது, விடிந்தால் சவாரி, இனி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அதைத் தூக்கிக்கொண்டு எப்போது திரும்பி வருவது என்று அலுத்துக்கொண்டார். பேசிக்கொண்டே மேசைமேல் கையை ஊன்றினார். அந்தக் கையில் டீசல் வாடை அடித்தது.

பெட்ரோல் வண்டிக்காரர் கையில் டீசல் வாடை ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவர் பழசை எடுக்கப் போவார். திரும்பி வருகிறவர் என்னிடம்தான் வருவார் என்று என்ன நிச்சயம்? அதைவிட, அவன் சொன்னதையே நானும் சொல்வதா? அந்தப் பொடியன் முதலில் சொல்ல, பத்து வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் பின்பாட்டுப் பாடுவதா? கேள்வியை விழுங்கிவிட்டேன்.

பெட்ரோல் என்ஜின் பில்டரை அட்டைப்பெட்டியோடு எடுத்து வைத்து, எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஒங்க வண்டி எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? கொண்டு போய் மாட்டுங்க."

தம்பி அலமாரியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் நன்றாகச் சிரித்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். அன்று சாயங்காலம் வீட்டில் சேமியாப் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை, தோன்றியது வைத்தேன் என்றேன்.

திங்கட்கிழமை அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். சனிக்கிழமை விடியற்காலையில் கிருஷ்ணன்கோவில் ஊருக்குப் போய் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வழியில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்திருக்கிறது. புது என்ஜின் மாட்டியபோது வயரிங்கில் ஏதோ கோளாறு வைத்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் செத்த தூரம் ஓட்டியிருக்கிறார். கடகடவென்று ஒரு சத்தம், அத்தோடு என்ஜின் இறுகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பின்னால் ரோடு நெடுக ஆயில் கோடு. வந்தவர்கள் துளசி மாலையும் கையுமாக பஸ் ஏறிப் போய்விட்டார்கள். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைக் கழற்றி மதுரைக்கு அனுப்பிக் கடைசல் பிடிக்க வேண்டுமாம். அது வந்து சேரும்போது புரட்டாசி முடிந்திருக்கும்.

பையிலிருந்து இரண்டு பில்டரையும் எடுத்து மேசையில் வைத்தார், பழசும் நான் கொடுத்ததும்.

"நாந்தான் சரியா முறுக்கலையோ என்னமோ, தங்கச்சி. பழசு கொஞ்சம் ஒசரமாத்தான் தெரிஞ்சுச்சு. நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு மாட்டிட்டேன்."

பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் தெரியாதவருக்கும் தெரியும். நான் கொடுத்ததன் வளையம் ஒரு விரல் அகலம் சிறுசு. ஆமாம், முறுக்கியதில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் தம்பி ரோட்டைக் கடந்து வந்துவிட்டான். இரண்டு பில்டரையும் ஒரே ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அண்ணாச்சி பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னான்: "ரப்பர் வளையம் சில நேரம் இப்படித்தான் ஏமாத்திரும் அண்ணாச்சி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

என்னைக் காப்பாற்றுகிறான்! நியாயமாகப் பார்த்தால் அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ எரிச்சல். கடையைப் பாதி பிடுங்கினான், சரி. இனி என் மானமும் இவன் போட்ட பிச்சையாகவா இருக்க வேண்டும்? அந்தப் பெருமையையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் உண்மையைச் சொன்னதைக் கேட்டவர்கள் பிற்பாடு என்னை நேர்மையானவள் என்றார்கள். நேர்மையாவது ஒன்றாவது. அதுவும் பொறாமைதான்.

"வளையத்துமேல தப்பில்ல அண்ணாச்சி. நான் குடுத்தது பெட்ரோல் என்ஜின் பில்டர். ஒங்க கையில டீசல் வாடை அடிச்சுச்சு. தெரிஞ்சேதான் கேக்காம விட்டேன்."

அலமாரியிலிருந்து அவர் என்ஜினுக்கான பேரிங் செட்டை எடுத்து நீட்டினேன், இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அதை அவர் மெல்ல என் பக்கமே நகர்த்தி வைத்தார். இரண்டு பில்டரையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு ஒங்கிட்டப் போறேன்னு சொன்னப்ப இவன் என்ன சொன்னான் தெரியுமா தங்கச்சி? 'வீணா அலையாதீக அண்ணாச்சி, எங்கக்காவும் பழசப் பாக்காமத் தரமாட்டா'ன்னான்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.