கம்ப்யூட்டருக்குத் தெளித்த பன்னீர்

போன மாதம் எங்கள் தெருவில் நடந்த கல்யாணத்தில், மணப்பெண்ணின் அப்பா வந்து பிள்ளைகளுக்கு விபூதி பூசினார். அவர் இறந்து சில வருசம் ஆகிறது. மண்டபத்துத் திரையில், ஏஐ செய்த வீடியோவில், மேகத்துக்குள்ளிருந்து இறங்கி, பட்டு வேட்டியோடு நடந்து வந்து, சிரித்துக்கொண்டே பூசினார். இடது கையால் பூசினார். உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாருக்கும் நீட்டியதில்லை. கூட்டம் முழுக்க அழுதது. என் கண் மட்டும் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் ஏற்றிக் கொடுக்கிறேன். எல்லாம் சுலபமாகிவிட்டது என்கிறார்கள். கடைக்கு வந்து பார்த்தால் தெரியும். வயசானவர் என் முன்னால் உட்கார்ந்திருப்பார், அவருக்கு வர வேண்டிய ஓடிபி சிங்கப்பூரில் இருக்கும் மகனுடைய போனுக்குப் போயிருக்கும், மகன் ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் எழுந்திரிக்கும் வரை அப்பாவும் நானும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்போது என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம். என் தம்பி பள்ளத்தூரிலேயே இருக்கிறான், அவன் மடியில்தான் உட்கார வைக்கப் போகிறோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் கொழுந்தனுக்கு ஒரு யோசனை.

"மதினி, செத்துப்போன உங்க தாய்மாமா போட்டோ ஒண்ணு குடுங்க. அவரையும் நடந்து வர வச்சுருவோம். குரல் அஞ்சாறு விநாடி இருந்தாப் போதும், பேத்திய வாழ்த்திப் பேசவும் வச்சுரலாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு என்னுடைய காதுகுத்து ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் பக்கம் அது ரொம்பத் தாமதம். மாமா வரட்டும், மாமா வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அம்மாவுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அந்த ஒரே அண்ணன்தான். வளைகுடாவில் கட்டடத்துக்குப் பலகை அடிக்கும் தச்சு வேலை அவருக்கு. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். மாமன் சபையில் உட்கார்ந்தால், இவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். அது ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை.

அந்த ஆவணிக்கு மாமாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. சேதி வந்த மறுநாளே அம்மா ஆட்டுக்கறி வாங்கி உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் காயப்போட்டாள். மாமாவுக்கு அது உயிர். காக்கா விரட்டுகிற வேலை எனக்கு.

இதற்கு நடுவில்தான் சித்தப்பாவுக்கு யோசனை வந்தது. அப்பாவின் தம்பி, இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அவருடையது, மடக்கித் திறக்கிறது. அப்போதெல்லாம் கையில் இருக்கிற போனில் முகம் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரில் தெரியும் என்று அவர் சொன்னபோது தெருவே நம்பவில்லை. நம்ப வைக்க ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தார்.

மாமா போன் பண்ணியிருந்தபோது சித்தப்பா வாங்கிப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"மச்சான், எதுக்கு அம்புட்டுத் தூரம் அலையுறீக? உங்களை இங்கயே கொண்டாந்துருவோம். நீங்க அங்கன உக்காந்தமேனிக்கு எல்லாத்தையும் பாக்கலாம். லீவச் சேத்து வச்சுப் பொங்கலுக்கு ரெண்டு மாசமா வாங்க."

மாமா திருப்பிக் கேட்டார். "அப்படியாப்பா? மருமகளுக்குக் குறையா இருக்காதுல்ல?"

"என்ன மச்சான் குறை? லைவ்வு மச்சான், லைவ்வு!"

"தங்கச்சி என்ன சொல்லுது?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கு எது தோதோ அப்படிச் செய்யட்டும்" என்றாள். புகுந்த வீட்டில் நின்றுகொண்டு, என் அண்ணன் வந்தே ஆக வேண்டும் என்று ஒருத்தி சொன்னால், சீருக்கு அலைகிறாள் என்று பேச எங்கேயும் ஒரு வாய் இருக்கும். மாமா அதைக் கேட்டு என்ன நினைத்தாரோ. "சரித்தா" என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே அம்மா உப்புக்கண்டத்தைக் கயிற்றிலிருந்து உருவி டப்பாவில் போட்டு மூடினாள். காக்கா விரட்ட வேண்டாம் என்று எனக்குச் சந்தோசம்.

எங்கள் குலசாமி கோயில் நேமத்தான்பட்டிக்கு அங்குட்டு, கண்மாய்க் கரையில். காதுகுத்து அங்கேதான் நடக்க வேண்டும். சித்தப்பா வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கோயிலில் டவர் இல்லை என்றார்.

"சாமிகிட்ட டவர் இல்லேன்னா, சாமிய இங்குட்டு வரச் சொல்றதாடா?" என்று அப்பா கேட்டார்.

"முடிக் காணிக்கைய அப்புறமாப் போய்க் குடுத்துக்கலாம்ணே. சாமி எங்க போகப்போகுது? மச்சானுக்கு லைன் கிடைக்கிறதுதான் கஷ்டம்."

அப்படித்தான் விசேஷம் வீட்டுக்கு வந்தது. வீட்டிலும் எல்லா இடத்திலும் லைன் நிற்கவில்லை. நல்ல தரை போட்ட கூடத்தில் இல்லை, முற்றத்தில் இல்லை, கொல்லையில் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் மட்டும் நின்றது. அங்கேயே சாணி மெழுகிக் கோலம் போட்டார்கள். கிழக்கே பார்த்து உட்கார வேண்டிய நான், மாட்டைப் பார்த்து உட்கார்ந்தேன்.

எனக்கு வேறொரு கவலை. மாமா கம்ப்யூட்டரில் இருந்தால் நான் யார் மடியில் உட்கார்வது? "அது மேல உக்காந்தா உடைஞ்சிருமா சித்தப்பா?" என்று கேட்டேன். பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள்.

அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர் வந்திருந்தார், எனக்கு ஒன்றுவிட்ட மாமா. தோளில் புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று அங்கேயும் இங்கேயும் நடந்தார். அப்பாவுடன் பிறந்த அத்தைகூடச் சொன்னாள், இவர் மடியில் வைத்துக் குத்தலாமே என்று. "சொந்த மாமா லைவ்ல இருக்கும்போது பதில் மாமா எதுக்கு?" என்றார் சித்தப்பா. அந்த மாமா நேராக முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாற்காலியில் பட்டுத் துணி விரித்துக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். மாலை போட்டார்கள். அதற்கு எதிரே பலகையில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். சித்தப்பா, லைன் வாங்குகிற சின்னக் குச்சியை நீள வயரில் மாட்டி, கிணற்று மேட்டில் ஏறித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா வந்தார். கட்டம் கட்டமாக வந்து, பிறகு முகமாகச் சேர்ந்தார். ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தார். பின்னால் வரிசையாக ஆட்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் மாமா மட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. சுழல்நாற்காலியில் சம்மணம் போட்டு, மடியில் ஒரு புதுத் துண்டை விரித்திருந்தார்.

"மாமா சாப்பிடப் போறாரா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் அத்தை பன்னீர்ச் செம்போடு வந்தாள். விசேஷ வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரரைப் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்காமல் எங்கள் வீட்டில் யாரும் உட்கார வைத்ததில்லை. அத்தை அந்த முறையில் ஒன்றும் விட மாட்டாள். "மாமன் சபைக்கு வந்துட்டாரு. மரியாதை செய்ய வேணாமா?" என்று கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். சித்தப்பா கிணற்று மேட்டிலிருந்து, "அக்கா! வேணாம்க்கா!" என்று கத்தினார். இறங்கினால் லைன் போய்விடும். அத்தை செம்பைத் தாராளமாக உதறினாள். பன்னீர் முத்து முத்தாக எழுத்துக் கட்டைகள் மேல் விழுந்து உள்ளே இறங்கியது.

மாமா சிரித்தார். "அக்கா, இங்க வரைக்கும் மணக்குதுக்கா!"

நகை ஆசாரி வலது காதைப் பிடித்துக் குத்தினார். நான் வீறிட்டேன். திரையில் மாமா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனார். நான் அழுது முடித்து, அத்தை வாயில் போட்ட கற்கண்டு கரைந்தும் போனது. அதற்கப்புறம் மாமாவின் குரல் வந்தது.

"அழாதத்தா, அழாத. மாமா இருக்கேன்ல?"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா மறுபடி அசைந்தார். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "தங்கச்சி எங்க? ஏத்தா, இங்குட்டு வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து நாற்காலி முன்னால் மண்டி போட்டாள். கம்ப்யூட்டர் ஒரு தடவை கிர்ரென்றது. கறுத்துவிட்டது.

சித்தப்பா குதித்து ஓடிவந்தார். அமுக்கினார், மூடித் திறந்தார், கவிழ்த்துப் பிடித்தார். பன்னீர்தான் சொட்டியது. "இனிமே இது வராது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது, இன்னொரு காது பாக்கி. அத்தை பந்திக்கு ஓடி, ஒன்றுவிட்ட மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"இலையில கைய வச்சவனை எந்திரிக்க வைக்கிறீகளே, இது நியாயமா? முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று புலம்பிக்கொண்டே அவர் கையைக் கழுவி என்னை மடியில் வைத்துக்கொண்டார். சாம்பார் வாசனை அடித்தது. மடி கதகதவென்று இருந்தது. நான் திமிறாமல் இருக்க இரண்டு கையால் இறுக்கிப் பிடித்தார். ஆசாரி அவசரத்தில் குத்தினார். இன்றைக்கும் என் இரண்டு தோடும் ஒரே மட்டத்தில் நிற்காது.

சாயங்காலம் மாமா சாதாரணப் போனில் பேசினார். "என்னண்ணே சொல்ல வந்தீக?" என்று அம்மா கேட்டாள்.

"என்னமோ நெஞ்சுக்குள்ள வந்துச்சுத்தா. அங்கிட்டு லைன் போகவும் மறந்து போச்சு. பொங்கலுக்கு வருவேன்ல, நேர்ல சொல்றேன்."

பொங்கலுக்கு மாமா வரவில்லை. மார்கழியில் ஒரு நாள் காலை, வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது முகத்தைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, அம்மா கடைசியாக அண்ணன் முகத்தைப் பார்த்தது அந்த நாற்காலியில்தான். உப்புக்கண்ட டப்பாவை அதன்பின் வீட்டில் யாரும் திறக்கவில்லை.

சித்தப்பா இப்போது வெளியூரில் கம்ப்யூட்டர் வேலையில் பெரிய ஆள். ஆனால் எந்த விசேஷத்துக்கும் அவர் வீடியோவில் வந்ததில்லை. முந்தின நாளே பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கருவிமேல் பழி போடத் தோன்றவில்லை. வரவே முடியாதவர்களைக் காட்டுகிறது, அது பெரிய காரியம்தான். ஆனால் வர முடிகிறவரிடமும், நீங்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று சொல்லிவிடுகிறது. அதை நாம் கேட்காமலே சொல்லிவிடுகிறது. என் பயமெல்லாம் அதுதான். இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய், செத்தவர்களுக்கும் வசனம் எழுதுகிறார்கள்.

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பி வந்தாள். கொழுந்தன் இன்னும் போட்டோவுக்குக் காத்திருந்தான்.

"தம்பி, எங்கண்ணன் பேச வந்ததையே கேக்க முடியாமப் போச்சு. அவரு பேசாததை நீங்க பேச வச்சு, நான் எப்படிய்யா கேப்பேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

என் காதுகுத்து நாளன்று விசேஷம் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அம்மா மட்டும் தொழுவத்துப் பக்கம் நாற்காலி முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் வலிக்கிற காதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். சித்தப்பாவின் விலை உயர்ந்த சாமான் பாழாகிவிட்டது, அப்பா திட்டுவார், அதனால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் பயமாக இருந்தது. உதவி செய்வதாக நினைத்து, "அம்மா, தண்ணி கீழ எழுத்துலதான் இருக்கு. அங்க தொடை" என்று காட்டிக் கொடுத்தேன்.

அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத அந்தக் கறுப்புக் கண்ணாடியையே, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது.