முனியாண்டி தீர்த்துவைத்த என் பதவி வழக்கு

என் பெயர் புஷ்பவள்ளி. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வரைபடம் வரைந்தவள். சாலை, கால்வாய், பாலம் என்று எது வந்தாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த வாரம், ஒரே தாளில் என்னைக் கிராணி, அதாவது குமாஸ்தா ஆக்கிவிட்டார்கள்.

வரைபடச் சேவையைக் கலைத்து எங்களைக் கிராணி சேவைக்கு மாற்றுகிறார்களாம். சம்மதமா இல்லையா என்று முன்பே கடிதம் போட்டுக் கேட்டார்களாம். குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாம். நான் பதில் எழுதவில்லை. அதனால் சம்மதித்துவிட்டேனாம்! எவ்வளவு வசதி பாருங்கள்.

புதிய சேவையில் என் பழைய வருடங்கள் கணக்கில் சேராது. நேற்று வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கீழே என் பெயர். என்னைப் பாகான் செராய் என்ற தூரத்து ஊருக்கு அனுப்பி, ஒரு கவுண்டரில் உட்கார வைத்து, விண்ணப்பப் பாரங்களை வாங்கி முத்திரை குத்தச் சொன்னார்கள். வாரத்தில் ஐந்து நாள் வாடகை அறை, ஆறிப்போன கடைச் சோறு. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. சாமி காரியம் சொல்ல வந்திருக்கிறேன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

வழக்குப் போட்டேன். கடிதம் என் கைக்கு வரவே இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன். அலுவலகமும் பதிலுக்கு ஒரு பிரமாணம் போட்டது. கெடு தேதிக்குப் பத்து நாள் முன்பே கடிதத்தை நேரில் கொடுத்தேன் என்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தவன் யார் தெரியுமா? குணா. எங்கள் அலுவலகத்தில் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். தாப்பா பக்கம் நான் பிறந்த அதே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என்னை அக்கா என்று கூப்பிட்டு என் வீட்டில் சாப்பிட்டவன்.

அந்தத் தாளைப் படித்ததும் அவனுக்குப் போன் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"டேய் குணா! சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால சைன் போட்டுட்டா அது சத்தியமாடா? தைரியம் இருந்தா நம்ம முனியாண்டி முன்னால வந்து சூடத்த அணைச்சு சொல்லுடா!"

"வாரேன்கா. நீங்களும் அணைக்கணும் லா" என்றான்.

"அணைக்கிறேன்டா. யாரு வாயி அடையுதுன்னு பாப்போம்!"

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இது தெரியும். கோர்ட்டில் நூறு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். முனியாண்டி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான் கூப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க நான் வேண்டியது ஒன்றுதான்: "பொய் சொன்னவனை நீயே பிடி, முனியாண்டி. விடாதே. குடும்பத்தோடு நாசமாகப் போகட்டும்." இப்படித்தான் வேண்டினேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரப்பர் போய் இப்போது சுற்றிலும் செம்பனை. கோவில் மட்டும் அங்கேயே இருக்கிறது. குணா சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். பூசாரி வெற்றிலையில் சூடம் ஏற்றி வைத்தார்.

குணா என்னைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்தே சொன்னான். "அந்தக் கடுதாசிய நான் புஷ்பாக்கா கையிலதான் குடுத்தேன்." பட்டென்று அடித்தான். சூடம் அணைந்துவிட்டது.

பூசாரி இன்னொரு கட்டியை ஏற்றினார். "இப்ப நீ சொல்லும்மா."

கையைத் தூக்கப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போயிற்று. ஏன் தெரியுமா? குணா சொன்னது உண்மை. கடிதத்தை நான் வாங்கினேன். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகாது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதை நம்பி, அப்படியே வீட்டு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போட்டேன். படித்த முட்டாள் நான்! பிறகு பதில் தராததே சம்மதம் என்று தெரிந்தபோது பயந்துபோனேன். வரவே இல்லை என்று சாதித்துவிட்டேன்.

"வாங்கினேன் சாமி" என்று அலறிவிட்டேன். அழுதேன். முகத்தில் அறைந்துகொண்டேன்.

ஆனால் அழும்போதும் என் குணம் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குணாவிடம் திரும்பினேன். "என் பொய்ய நான் ஒத்துக்கிட்டேன். கெடுவுக்குப் பத்து நாளு முன்னாடி குடுத்தேன்னு எழுதுனியே, அதுக்கும் ஒரு சூடம் அணைடா!"

பூசாரி மூன்றாவது கட்டியை ஏற்றினார். குணா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். சூடம் கடைசிவரை எரிந்து தானாகவே தீர்ந்தது.

"தேதி எனக்கு ஞாபகமில்லக்கா. போஸ் டைப் பண்ணிக் குடுத்தாரு. சைன் போட்டேன் லா" என்றான். போஸ் என்றால் எங்கள் மேலதிகாரி.

வீட்டுக்குப் போய் அலமாரியைக் கலைத்தேன். உறை இருந்தது. அப்போதுதான் அதன் மேல்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தலைமையகத்திலிருந்து வரும் கடிதத்துக்கு எங்கள் அலுவலகம் போடும் வரவு முத்திரை, சிவப்பு மையில். கெடு முடிந்து ஏழு நாள் கழித்த தேதி! கெடு முடிந்த பிறகுதான் கடிதமே வந்திருக்கிறது. பதில் சொல்ல எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றும் தாளை என் பொய்யைக் காப்பாற்ற நானே ஒளித்து வைத்திருந்தேன். அலமாரி முன்னாலேயே உட்கார்ந்து "முனியாண்டி, முனியாண்டி" என்று கத்தினேன்.

என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, முதல்ல சொன்னது பொய்னு நீங்களே சொன்னா, இந்த உறைய மட்டும் யாரு நம்புவா? கேஸும் போகும், உங்க மேலேயே கேஸும் வரும்."

"வந்தா வரட்டும் தம்பி. எழுதுங்க" என்றேன். தைரியத்தால் அல்ல. இன்னொரு சூடத்துக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது.

புதிய பிரமாணம் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் என்னைப் பொய்க்காரி என்று நாலு தரம் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். ஆனால் விசாரணைக்கு முந்திய வாரம் குணாவும் புதிய பிரமாணம் கொடுத்திருந்தான். தேதியை மேலதிகாரிதான் எழுதினார், எனக்குத் தெரியாது என்று. அவனை யாரும் கேட்கவில்லை. அவனே போய்க் கொடுத்தான்.

நீதிபதி முதலில் என்னைக் கண்டித்தார். பிறகு உறையின் முத்திரையைக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்பே தராமல் மௌனத்தைச் சம்மதமாக எடுத்தது செல்லாது என்று மாற்றத்தை ரத்து செய்தார். என் பழைய சேவை, என் இருபத்திரண்டு வருடம், எல்லாம் திரும்ப வந்தது. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஈப்போவில் என் மேசையில் மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த மேலதிகாரியை நான் மன்னிக்கவில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் பார்க்கிறேன். குணாவோடு பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் அவன் நாசமாகப் போகவேண்டும் என்று கேட்ட வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வழக்கு ஜெயித்தால் முனியாண்டிக்கு என்று நேர்ந்துகொண்ட சேவலை அறுத்தபோது ஒரு பங்கு கறியை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். இப்போது யாராவது "சும்மா ஒரு சைன் போடுங்கக்கா" என்றால் ஒவ்வொரு வரியையும் படிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை. அலுவலகத்தில் அதற்கும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

உங்களுக்கும் வழக்கு இருக்கும், வம்பு இருக்கும். முனியாண்டியிடம் வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் தள்ளமாட்டார், என்னையே தள்ளவில்லை. ஆனால் எதிராளியின் பொய்யைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் பொய்யைச் சொல்லிவிடுங்கள். நான் அவனைப் பிடிக்கச் சொன்னேன். சாமி முதலில் என்னைத்தான் பிடித்தார். அதனால்தான் பிழைத்தேன்.