நுரைக்காத பியருக்குப் போட்ட சீனி

ஜேர்மனியின் வுப்பர்டால் நகருக்கு அகதிகளாக வந்த புதிதில், மகளின் முதல் பிறந்தநாளுக்காக என் கணவர் வீட்டிலேயே பியர் காய்ச்சினார். போத்தல்களில் அடைத்து நிலவறையில் வைத்தார். இரண்டு கிழமை கழித்துத் திறந்தால் நுரையே இல்லை.

"சீனி காணாது போல," என்றவர், போத்தல்களை மேலே கொண்டுவந்து இன்னும் சீனி போட்டார். பாதியில் சீனி முடிந்துவிட்டது. போட்டவற்றைச் சமையலறை ஹீட்டருக்குப் பக்கத்திலும் மற்றவற்றை அலுமாரிக்கு மேலும் வைத்தார்.

சில நாட்களின் பின், சமையலறையில் தவழ்ந்த மகளை உடுப்பு மாற்றத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனேன். பின்னால் போத்தல் வெடித்தது. தரையெங்கும் கண்ணாடித் துண்டுகள்.

"பிள்ளை எங்க?" என்று கணவர் ஓடிவந்தார்.

"என்னட்டை இருக்கிறா. நீங்கள் உள்ளுக்குப் போகாதேங்கோ," என்றேன்.

ஹீட்டரை நிறுத்தி, போத்தல்களைத் தடித்த போர்வையால் மூடி, ஆறியபின் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து காற்றை வெளியேவிட்டார்.

அலுமாரிக்கு மேல் இருந்தவையோ அருமையாக நுரைத்தன. நிலவறைக் குளிரில், நுரையை உண்டாக்கும் ஈஸ்ட் உறங்கியிருக்கிறது, சீனியில் குறையில்லை. பிறந்தநாளுக்கு வந்தவர்கள், "கடையில வாங்கினதோ?" என்று கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள்.

இப்போதும் காய்ச்சுகிறோம். நுரை வராவிட்டால் சீனியைத் தொடுவதில்லை. மூடியுள்ள மரப்பெட்டியில் போத்தல்களை அடுக்கி, சூடான சின்ன அறையில் வைத்துப் பொறுத்திருக்கிறோம். பூட்டிய அந்த அறையின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.